“எங்க புள்ளைகளுக்கு மட்டும் ஏன் சேர் பழசு?”

 

கொஞ்சம் நீளமான பதிவு. பிளேன்டீ ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

கடந்த வாரம் எங்கள் பாடசாலையில் ஆரம்பப் பிரிவுப் பெற்றோர் கூட்டம். தரம் மூன்று வகுப்பறையில்தான் நடந்தது. அந்த வகுப்பு ஜன்னல்களின் மேல் கண்ணாடிகளில் பிள்ளைகள் செய்து ஒட்டிய வர்ண வேலைகள் இருந்தன. பழைய டிஷூ தாள், உடைந்த பெஸ்டல், கலியாண அழைப்பிதழ், போன தவணை வினாத்தாள், இவற்றால் செய்தவை. மூன்று நாளாகப் பனிமூட்டம். அன்றைக்கென்று பார்த்து வெயில் எட்டிப் பார்த்தது. சிவப்பும் பச்சையுமாக நிலத்தில் விழுந்தது. எங்களுக்கு உள்ளூரப் பெருமைதான். யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று காத்துக்கொண்டும் இருந்தோம், ஏன் மறைக்க வேண்டும்.

பின் வாங்கிலிருந்து ஒரு தகப்பன் எழுந்தார். மரியாதையான மனிதர். பாடசாலைச் சிரமதானத்துக்கு முதல் ஆளாக மண்வெட்டியோடு வருகிறவர்.

“சேர், கோவிச்சுக்காதீங்க. டவுன் ஸ்கூல்ல எல்லாம் புதுசா வாங்கித் தொங்க விட்டிருக்காங்க. ஆளுக்கு 500 ரூபா போட்டா நாமளும் வாங்கிறலாம். எங்க புள்ளைகளுக்கு மட்டும் ஏன் சேர் பழசு? நல்ல தேயிலை கப்பல்ல போயிருது, எங்களுக்கு டஸ்ட்டு. இங்கயும் மிச்சந்தானா?”

கூட்டம் அமைதியாகிவிட்டது. நாங்கள் மூன்று ஆசிரியர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சூழல் பாதுகாப்பு, மீள்சுழற்சி என்று ஏதோ சொல்லிச் சமாளித்தோம். அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். ஏற்றுக்கொள்ளவில்லை என்பது நன்றாகத் தெரிந்தது. எங்கள் பதிலில் எங்களுக்கே திருப்தி இல்லை. அவருக்கு ஒழுங்கான பதில் ஒன்று கொடுக்க வேண்டும். கூட்டத்துக்கு வர முடியாமல் மலைக்குப் போன அம்மாமாருக்கும் அது போய்ச்சேர வேண்டும். அதனால்தான் இங்கே எழுதுகிறோம்.

“பட்டியல்” என்பதிலிருந்து தொடங்குகிறோம். ஆரம்பப் பிரிவில் பிள்ளை படிக்கும் எல்லா வீட்டுக்கும் அது தெரியும். வியாழக்கிழமை கடைசிப் பாடவேளையில் கொப்பியில் எழுதி விடுவோம்: பிரிஸ்டல் போட் 1, செலோபன் தாள் இரண்டு நிறம், கிளிட்டர் 1, பைண்டர் கம் 1, நாளைக்குக் கட்டாயம் கொண்டு வரவும். எழுத எங்களுக்கு இரண்டு நிமிடம். அந்தக் கொப்பி வீட்டுக்குப் போகும்போது அம்மா இன்னும் மலையில். கொழுந்து நிறுத்துவிட்டு, பிள்ளைக் காம்பராவிலிருந்து சின்னதைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டிய பிறகுதான் கொப்பி கண்ணில் படும். அப்போது தோட்டத்துக் கடையில் பிரிஸ்டல் போட் இருக்காது. டவுனுக்குப் போக பஸ்ஸும் இருக்காது.

பட்டியல் எழுதியவர்களில் நாங்களும் உண்டு. வருடக்கணக்காக எழுதினோம்.

ஒரு தடவை வேறு ஒரு வேலைக்காக வரவு இடாப்பைத் திருப்பிக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. கைவேலைப் பாடம் இருக்கும் வெள்ளிக்கிழமைகளில் அதே நாலைந்து பெயர்களுக்கு நேரே வட்டம். மற்ற நாட்களில் ஒழுங்காக வருகிற பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி நன்றாகப் படம் வரைவாள். கணக்கும் நன்றாகச் செய்வாள். வீட்டுப்பக்கம் போனபோது தாயிடம் விசாரித்தோம். “சளி சேர்” என்றார். வாசலில் நின்ற அக்காக்காரிதான் சின்னக் குரலில் சொன்னாள்: “பேப்பர் வாங்கல சேர். டீச்சர் கேப்பாங்கன்னு போகல.”

டீச்சர் கேட்டால் அடிக்க மாட்டார், ஏசவும் மாட்டார். அது அந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மற்றப் பிள்ளைகள் பையிலிருந்து பளபளவென்று எடுத்து மேசையில் வைக்கும்போது வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பதைவிடச் சளி பிடித்துக்கொள்வது இலேசு.

கணக்கையும் பார்த்துவிடுவோம். தோட்டத்தில் நாள் சம்பளம் 2021 இல் 1,000 ரூபா ஆனது. 2024 இல் 1,350 ஆனது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் வரவுக் கொடுப்பனவும் சேர்த்து 1,750 என்று அறிவித்தார்கள். ஒவ்வொரு கூட்டலுக்கும் எத்தனை ஊர்வலம், எத்தனை மேடை என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. கிலோ குறைந்தால் அரைப் பேர் விழுகிற கதையும் உங்களுக்குத் தெரியும். அந்தக் காசில் ஜன்னலில் தொங்கவிட 500 ரூபா. ஒரு வீட்டில் ஆரம்பப் பிரிவில் மூன்று பிள்ளை படித்தால் 1,500. கூட்டத்தில் அந்த அப்பா 500 என்று சொன்னபோது பலர் தலையாட்டினார்கள். தலையாட்டாதவர்களையும் நாங்கள் பார்த்தோம். “எங்களால் முடியாது” என்று கூட்டத்தில் எழுந்து சொல்ல யாருக்கு வாய் வரும்?

சரி, அந்தப் பெட்டி எப்படி வந்தது?

2022 நினைவிருக்கும். மார்ச் மாதம் மேல் மாகாணத்தில் தாள் இல்லாமல் தவணைப் பரீட்சையையே பிற்போட்டார்கள். கொழும்புப் பக்கமே அப்படியென்றால் ஹட்டனுக்கு மேலே எங்கள் கதி என்ன. கொப்பி விலை ஏறியது. பிரிஸ்டல் போட் என்ற சொல்லையே வாயில் எடுக்க முடியாத நிலை. கைவேலைப் பாடத்தைக் கைவிடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், எங்களோடு படிப்பிக்கும் டீச்சர் ஒருவர் பாடசாலை அலமாரிகளைக் காலி செய்தார். பத்து வருடத்து மிச்சம் வந்தது. விளையாட்டுப் போட்டி இல்லத்துக்குக் கட்டிய கிரேப் தாள், பாதி வெட்டிய டிமை தாள், காய்ந்துபோன கம் போத்தல், மூடி தொலைந்த மார்க்கர், விரல் நீளம்கூட இல்லாத பெஸ்டல்கள் ஒரு பால்மா டின் நிறைய. எல்லாவற்றையும் ஒரு பழைய கம்பியூட்டர் பெட்டியில் போட்டார். அன்றிலிருந்து அது “பெட்டி”. இன்றைக்கு மூன்று பெட்டிகள் இருக்கின்றன.

வெசாக் முடிந்த மறுவாரம் டவுனில் கழற்றிப் போட்ட வெசாக் கூடுகளைக் கேட்டு வாங்கினோம். மழையில் நனையாத பக்கத்துத் தாள் அப்படியே இருந்தது. சிங்களத்தில் சவ் கொல என்பார்களே, அந்த மெல்லிய டிஷூ தாள். ஜன்னலுக்கு அதைவிட நல்லது இல்லை. நத்தார் முடிந்ததும் தோட்டத்து நட்சத்திரக் கூடுகள் வந்தன. கலியாண வீட்டு அழைப்பிதழ்கள், பழைய கலண்டர், தையல்கடைத் துண்டு, தேயிலைப் பைக்கற்றின் வெள்ளித்தாள் என்று பெட்டி நிறைந்தது.

செய்முறையில் எங்களுக்கு மிகப் பிடித்தது எண்ணெய்த்தாள். கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல விடுங்கள். ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த பழைய வினாத்தாளை எடுத்துக்கொள்ள வேண்டும். வெற்றுப் பக்கத்தில் பிள்ளை பெஸ்டலால் அழுத்தமாக வர்ணம் தீட்டி, கோடுகளைக் கறுப்பில் இழுக்க வேண்டும். பிறகு பின்பக்கம் பஞ்சில் தொட்டுத் தேங்காயெண்ணெய் பூச வேண்டும். கொஞ்ச நேரத்தில் தாள் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். வெளிச்சத்தில் பிடித்தால் நிறமெல்லாம் எரியும்.

இங்கே ஒரு மலைநாட்டுச் சிக்கல் உண்டு. தேங்காயெண்ணெய் 24, 25 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். எங்கள் ஊரில் காலை எட்டு மணிக்குப் போத்தலைக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்து உருக்கித்தான் எடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அதுவே ஒரு பாடமாகிப்போனது. “கொழும்புல எண்ணெ உறையாதா சேர்?” என்று ஒருவன் கேட்டான். சுற்றாடல் பாடத்தில் ஒரு வாரம் படிப்பிக்க வேண்டியதை அந்தப் போத்தல் பத்து நிமிடத்தில் படிப்பித்துவிட்டது.

தாள் ஏன் கண்ணாடி ஆகிறது என்று கேட்டதற்கு நாங்கள் பதில் தேடிப் படித்துவிட்டுத்தான் சொன்னோம். தாள் என்பது மரநார்களின் பின்னல். நார்களுக்கு நடுவே காற்று. ஒளி அந்த நாரிலும் காற்றிலும் மாறி மாறிப் பட்டுச் சிதறுவதால் தாள் வெள்ளையாகத் தெரிகிறது. எண்ணெய் போய்க் காற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் சிதறல் குறைந்து ஒளி ஊடுருவும். நாங்கள் இதைச் சொல்லி முடிக்குமுன் பின்னாலிருந்து ஒரு சத்தம்: “வடை பேப்பர்!” கடையில் வடை சுற்றிக் கொடுக்கும் தாளில் எண்ணெய் பட்ட இடத்தால் மறுபக்கம் தெரியுமே, அதேதான். கண்ணாடி விலை கூடியிருந்த காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஏழை வீடுகளின் ஜன்னலுக்கு எண்ணெய் பூசிய தாளைத்தான் ஒட்டினார்கள் என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

இன்னொன்று பெஸ்டல் துருவல். டின்னில் கிடந்த துண்டுகளைப் பிள்ளைகள் பென்சில் கூராக்கியால் துருவுவார்கள். இரண்டு தாளுக்கு நடுவே தூவி, மேலே மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் மெழுகு உருகிப் பரவும். ஐம்பது அறுபது பாகையே போதும். இஸ்திரிப் பெட்டியை ஆசிரியர் மட்டுமே தொடுவார். பிள்ளைகள் சோக்கட்டியால் கீறிய கோட்டுக்கு அப்பால் நிற்பார்கள். வீட்டில் செய்து பார்ப்பவர்கள் தயவுசெய்து தாளுக்குப் பதில் பொலித்தீன் வைக்காதீர்கள். உருகி இஸ்திரிப் பெட்டியில் ஒட்டும், புகையும் கூடாது.

மடித்து வெட்டுவதில் எங்களில் ஒருவருக்குத் தனி ஆசை. ஆறாக மடித்து ஓரங்களை வெட்டிப் பிரித்தால் ஆறுமுனை நட்சத்திரம் வரும். எங்கள் பள்ளிவாசல் ஜன்னலில் மரத்தில் செதுக்கிய நட்சத்திரத்தைப் பார்த்து அவர் அதைச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் பிரித்துப் பார்த்துவிட்டு, “இது எங்க அம்மா பொங்கலுக்குப் போடுற கோலம் சேர்” என்றார்கள். இரண்டும் ஒரே கணக்குத்தான். சமச்சீர் என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதுமுன்பே வகுப்பு அதைப் புரிந்துகொண்டது.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று நினைக்க வேண்டாம். முதல் வருடம் எண்ணெய் பூசிய பிறகு பசை வைத்து ஒட்டப் பார்த்தோம். கோதுமை மாப் பசை எண்ணெயில் பிடிக்குமா? முப்பது பிள்ளைகளின் வேலையும் ஒவ்வொன்றாக வழுக்கி விழுந்தது. இப்போது முதலில் ஒட்டிவிட்டுப் பிறகுதான் எண்ணெய். ஜூன் மழைக்காலத்தில் கண்ணாடியின் உட்புறம் வியர்த்து, கிரேப் தாளின் சாயம் ஓடிற்று. வெள்ளைச் சட்டைகளில் நீலமும் சிவப்பும். அம்மாமாரிடம் நாங்கள் வாங்கிய ஏச்சு நியாயமான ஏச்சு. மாப் பசைக்குக் கரப்பான் வந்தது, பிறகு எலி வந்தது. ஒரு வகுப்பில் ஆசையில் முழு ஜன்னலையும் மூடிவிட்டோம். பனிமூட்டமான நாளில் கடைசி வாங்குப் பிள்ளை கொப்பியில் மூக்குத் தொட எழுதிக்கொண்டிருந்தான். அன்றே பாதியைக் கழற்றினோம். இப்போது மேல் கண்ணாடிகளில் மட்டும்தான்.

உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக மட்டை வைத்து அடைத்த இடங்களும் எங்கள் ஜன்னல்களில் உண்டு. அங்கேயும் பிள்ளைகள் ஒட்டினார்கள். அது வேறு கதை, அதற்குப் பிறகு வருகிறோம்.

எங்கள் மனதைக் குடைகிற ஒன்றைச் சொல்ல வேண்டும். தரம் இரண்டில் ஒரு மகன் தன் வேலையை வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்டான். கொடுத்தோம். அடுத்த நாள் திருப்பிக் கொண்டு வந்துவிட்டான். “ஒட்ட எடம் இல்ல சேர்.” அவன் இருப்பது பழைய லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஒரு கதவு. அவனது காம்பராவுக்கு ஜன்னலே கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் வரிசையாகக் கட்டிய லயங்கள் பலவற்றில் வெளிச்சம் வரும் வழி கதவு மட்டும்தான் என்று படித்திருக்கிறோம். அதே லயங்களைத் தாண்டித்தான் தினமும் பாடசாலைக்கு வருகிறோம். ஆனாலும் ஜன்னல் அலங்காரம் என்று கரும்பலகையில் எழுதும்போது இது எங்களுக்குத் தோன்றவில்லை. இந்திய உதவியில் கட்டிய 550 சதுர அடி வீடுகள் கிடைத்த குடும்பத்துப் பிள்ளைகள் “எங்க வீட்ல நாலு ஜன்னல் சேர்” என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த வீடு இன்னும் வராத பிள்ளைக்கு வர்ண வெளிச்சம் விழும் ஜன்னல் வகுப்பறையில் மட்டும்தான் இருக்கிறது. அவனது வேலையை ஒரு மூங்கில் ஈர்க்கில் கட்டிக் கதவு நிலையில் தொங்கவிடும்படி செய்து கொடுத்தோம். இப்போதும் தொங்குகிறதாம்.

இனி அந்த அப்பாவின் கேள்விக்கு வருகிறோம்.

அவர் கேட்டதில் பாதிக்கு மேல் சரி. இந்த மலையில் எல்லாமே மிச்சமாகத்தான் வந்தது. தோட்டப் பாடசாலைகளை 1970களின் இறுதியில் அரசு பொறுப்பெடுக்கத் தொடங்கும் வரை பல இடங்களில் ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர். அதற்குப் பிறகும் எதுவும் எங்களுக்குக் கடைசியில்தான் வந்தது. அப்படிப் பழகிய ஒரு சமூகத்தில், பிள்ளைக்கும் பழைய தாளையே கொடுத்தால் தகப்பனுக்குச் சுடத்தான் செய்யும். “பழசு நல்லது, சிக்கனம் நல்லது” என்று கொழும்பிலிருந்து யாராவது வந்து எங்களுக்குப் பாடம் எடுத்தால் எங்களுக்கும் கோபம் வரும்.

அதனால் பிரித்துச் சொல்கிறோம். உடைந்த கண்ணாடிக்குப் புதுக் கண்ணாடிதான் வேண்டும். மட்டை போதாது, பிள்ளைகள் அதன்மேல் எவ்வளவு அழகாக ஒட்டினாலும் போதாது. மலசலகூடம் புதிது வேண்டும். விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் ஆசிரியர் வேண்டும். நூலகத்துக்கு இந்த வருடத்துப் புத்தகம் வேண்டும். இவற்றில் மிச்சத்தை ஏற்கக்கூடாது. கேட்க வேண்டிய இடத்தில் கேட்க வேண்டும். கடிதம் எழுதுங்கள், நாங்களும் கையெழுத்து வைக்கிறோம். உண்மையில் அந்த 500 ரூபாவைச் சேர்க்க உங்களுக்கு இருக்கும் ஒற்றுமையை இதற்குத் திருப்பினால் நிறைய நடக்கும்.

ஆனால் ஜன்னலில் ஒட்டும் வர்ணம்? அங்கே புதுசுக்கு ஒரு மதிப்பும் இல்லை என்பது எங்கள் கருத்து. டவுன் கடையில் விற்கும் அலங்காரத்தை யாரோ எங்கோ ஓர் இயந்திரத்தில் வெட்டியிருக்கிறார். எங்கள் பிள்ளை அதில் செய்வதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? தொங்கவிடுவதற்கு ஒரு ஆணி. அதையும் நாங்கள்தான் அடிப்போம்.

உலகத்தில் வர்ண ஜன்னலுக்குப் பேர் போன இடங்களிலும் துண்டுகளைத்தான் சேர்த்தார்கள். யெமன் நாட்டின் சனாவில் பழைய வீடுகளின் கதவு ஜன்னலுக்கு மேலே கமரிய்யா என்ற வளைவு ஜன்னல் இருக்கும். ஜிப்சம் சாந்தில் கோலம் வெட்டி, இடைவெளிகளில் வர்ணக் கண்ணாடித் துண்டுகளைப் பதிப்பார்கள். எங்கள் டிக்கோயாவிலேயே காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி 1878 இல் கட்டிய வார்லி தேவாலயம் இருக்கிறது. அதன் வர்ணக் கண்ணாடியைக் கிட்டப் போய்ப் பாருங்கள், சின்னச் சின்னத் துண்டுகளுக்கு நடுவே கறுப்புக் கோடு ஓடும். அது துண்டுகளை இணைக்கும் ஈயப்பட்டி. எங்கள் பிள்ளைகள் அதற்குப் பதிலாகக் கறுப்பு அழைப்பிதழ் மட்டையைக் கீலமாக வெட்டி ஒட்டுகிறார்கள். பிரான்சின் பெரிய ஓவியர் மத்தீஸ் கடைசிக் காலத்தில் நோயாளியாகப் படுத்துக்கொண்டு வர்ணத்தாளைக் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டித்தான் வான்ஸ் ஊரிலுள்ள தேவாலயத்தின் ஜன்னல்களை வடிவமைத்தார். 1951 இல் அது திறக்கப்பட்டது. தரம் மூன்றில் நாங்கள் செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான் என்று சொன்னால் மிகையாக இருக்கலாம். ஆனால் கத்தரிக்கோலும் தாளும் அதேதான்.

பிளாஸ்டிக் பற்றியும் ஒரு வார்த்தை. நிகழ்ச்சிகளுக்குப் பொலித்தீனால் அலங்கரிப்பதை 2017 செப்டம்பரிலேயே வர்த்தமானியில் தடை செய்துவிட்டார்கள். பிளாஸ்டிக் மாலைகளுக்கு 2023 ஒக்டோபர் முதல் தடை. ஆனாலும் எங்கள் பாடசாலை விழாக்களில் அவை தொங்கத்தான் செய்கின்றன. விழா முடிந்து மூன்றாம் நாள் காற்று அவற்றைத் தேயிலைக்குள் கொண்டுபோகும். பிறகு ஓடைக்கு. அந்த ஓடைத் தண்ணீரைக் கீழ் லயத்தில் பிடிக்கிறார்கள்.

ஆசிரியர்களாகிய எங்கள் பக்கம் ஒரு குற்றத்தையும் ஒத்துக்கொள்ள வேண்டும். யாராவது அதிகாரி வருகிறார் என்றால் முதல் நாள் மாலை, பிள்ளைகள் போன பிறகு, நாங்களே உட்கார்ந்து கோணலானதை நேராக்குவோம். கசங்கியதைக் கழற்றிவிட்டுப் புதிதாகச் செய்து வைப்போம். எல்லோரும் செய்கிறார்கள், நாங்களும் செய்தோம். ஒரு தடவை காலையில் வந்த பிள்ளை ஜன்னலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “என்னோடது எது சேர்?” அவளுடையது அங்கே இல்லை. குப்பைக்கூடையில் இருந்தது. அன்றைக்கு வந்த விருந்தினர் ஜன்னலை மிகவும் பாராட்டினார். அந்தப் பாராட்டை நாங்கள் மூவரும் விழுங்க முடியாமல் விழுங்கினோம். அதற்குப் பிறகு பிள்ளையின் வேலையில் கை வைப்பதில்லை. கோணலாக இருந்தால் இருக்கட்டும். மூத்த ஆசிரியர் ஒருவருக்கு இது இன்னும் பிடிக்கவில்லை, வாதம் நடந்துகொண்டேதான் இருக்கிறது.

தரம் ஐந்துப் பெற்றோருக்குத் தனியாக ஒன்று. புலமைப்பரிசில் பரீட்சை இருக்கும்போது வெட்டி ஒட்டுவதெல்லாம் எதற்கு என்கிறீர்கள். வாரத்தில் ஒரு பாடவேளைதான். அதில் மாதிரி வினாத்தாள் இன்னொன்று செய்தால் எத்தனை புள்ளி கூடும் என்று தெரியாது. ஆனால் கத்தரிக்கோல் பிடிக்கத் தடுமாறுகிற விரல்களுக்குப் பேனாவும் தடுமாறுகிறது என்பதைத் தரம் ஒன்றிலிருந்து பார்த்துக்கொண்டுதான் வருகிறோம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா அடித்தபோது நுவரெலியா மாவட்டத்தில் எத்தனை இடத்தில் மலை இறங்கியது என்று உங்களுக்குத் தெரியும். உங்களில் சிலர் வீட்டை இழந்தீர்கள். பாடசாலைகளிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் சனம் தங்கியது. எங்களில் ஒருவர் உதவிக்குப் போன இடத்துக்கு உலருணவோடு பெட்டி ஒன்றையும் கொண்டுபோனார். மண்டபத்தில் பிள்ளைகள் மூன்று நாளாக ஒன்றும் செய்யாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்களாம். பெட்டியைத் திறந்து நடுவில் வைத்தார். யாரும் வரவில்லை. அரை மணி கழித்து ஒரு சின்னவன் வந்து சவ் கொலத் துண்டுகளைச் சதுரம் சதுரமாகக் கிழித்து ஜன்னலில் ஒட்ட ஆரம்பித்தான். வேறு எதுவும் செய்யவில்லை, சதுரம் மட்டும். பிறகு இரண்டு பேர். மதியம் போல அம்மாமார் வந்து கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டார்கள். பிள்ளைகளுக்குச் சண்டை பிடித்துத்தான் திரும்ப வாங்க முடிந்ததாம்.

அன்றைக்கு அவர்களிடம் பட்டியல் கொடுத்திருக்க முடியுமா?

ஆகவே எங்கள் முடிவு இது. இந்த வருடம் ஆரம்பப் பிரிவில் கைவேலைக்கு எதையும் கொண்டுவரச் சொல்ல மாட்டோம். கொப்பியில் பட்டியல் வராது. யாராவது ஆசிரியர் மறந்து எழுதிவிட்டால் எங்களிடம் சொல்லுங்கள். எல்லாம் பெட்டியிலிருந்து. கடைக்காரர் பிள்ளையும் கங்காணி பிள்ளையும் கொழுந்து பறிக்கிறவர் பிள்ளையும் அதே பெட்டிக்குள்தான் கை விடும். சிவப்புத் தாள் யாருக்கு என்று சண்டை வரும். வரட்டும்.

பெட்டியில் இப்போது மஞ்சளும் நீலமும் குறைவாக இருக்கிறது. மஞ்சள்மேல் நீலத்தை வைத்தால் பச்சை வரும் என்று தரம் இரண்டு கண்டுபிடித்துவிட்டதால் இரண்டும் வேகமாகத் தீர்ந்துவிட்டன. டவுனில் அச்சகம், தையல்கடை, புத்தகக்கடை வைத்திருக்கும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள்: வெட்டிப்போடும் ஓரத்தாள்களைக் குப்பையில் போடாமல் ஒரு பையில் சேர்த்து வையுங்கள். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறோம். வீடுகளில் பழைய கூடு, அழைப்பிதழ், கலண்டர், பெஸ்டல் துண்டு இருந்தால் பாடசாலைக்கு வரும்போது கொண்டுவாருங்கள். பிள்ளையிடம் கொடுத்து அனுப்ப வேண்டாம். ஆபீஸ் வாசலில் பெட்டி வைத்திருக்கிறோம், பாடசாலை விட்ட பிறகு வந்து போட்டுவிட்டுப் போனால் போதும். யார் போட்டது, எவ்வளவு போட்டது என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியத் தேவையில்லை.

கேள்வி கேட்ட அந்த அப்பாவுக்கு: அடுத்த வெள்ளி காலை பத்து மணிக்குத் தரம் மூன்றில் எண்ணெய்த்தாள் வேலை. அன்றைக்கு உங்களுக்கு வேலை இல்லையென்றால் வாருங்கள். எண்ணெய் உருக்க ஒரு ஆள் தேவைப்படுகிறது. வரும்போது அந்தக் கண்ணாடிக் கடிதத்தைப் பற்றியும் பேசுவோம்.